கண்ணனுக்குக் காட்டணும்

ரௌட்டரைச் சுவரிலிருந்து கழற்றித் திருப்பிப் பார்த்தாள் முத்துச்செல்வி. அடியில் ஒட்டியிருந்த வெள்ளை ஸ்டிக்கரில் கம்பெனி பெயர் இருந்தது, வரிசை எண் இருந்தது. பாஸ்வேர்ட் இருக்க வேண்டிய வரியை மட்டும் யாரோ பிளேடால் சுரண்டியிருந்தார்கள். யாரோ என்ன, அப்பாதான். ஓரம் பிசகாமல், பக்கத்து எழுத்து ஒன்றைக்கூடத் தொடாமல், பிளாஸ்டிக் தெரிகிற வரைக்கும் சுரண்டியிருந்தார். எந்த வேலையையும் அவர் பாதியில் விட்டதில்லை.

அவர் நாலடி தள்ளிக் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தார். நாடிக்கட்டு, நெற்றியில் திருநீறு, கால் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டிய வெள்ளைத் துணி. உடன்குடி கருப்பட்டி மண்டி லிங்கராஜ் என்றால் திருச்செந்தூர் வரை தெரியும். பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் அழுது ஓய்ந்து, அடுத்த உறவுக்காரி வந்ததும் மறுபடி தொடங்கினார்கள்.

முத்துச்செல்வி தன் போனை எடுத்து இன்னொரு தடவை முயன்றாள். தீபாவளிக்கு வந்தபோது இதே வைஃபை தானாகப் பிடித்தது. இப்போது 'பாஸ்வேர்ட் தவறு' என்றது.

காலையில் தூத்துக்குடியிலிருந்து பஸ் ஏறி வந்து இறங்கியதும் அம்மாவின் தோளில் விழுந்துதான் அழுதாள். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் அவளுக்கு வேலை, அங்கேயே விடுதி. வீட்டுக்கு வந்து மாதக்கணக்காகிவிட்டது. அழுதுகொண்டே அம்மாவின் இடது காதோரம் என்னவோ கேட்டாள். அம்மா பதிலே சொல்லவில்லை. அதிர்ச்சியில் இருக்கிறாள் என்று நினைத்தாள். பக்கத்திலிருந்த இன்பமணி டீச்சர்தான் கையைத் தொட்டு, "அந்தப் பக்கக் காது கேக்காதும்மா. இந்தப் பக்கம் வந்து பேசு" என்றாள்.

"ஏன் டீச்சர்?"

இன்பமணி டீச்சர் பனங்காட்டுக்கு அந்தப் பக்கத்து வீடு. நாசரேத்தில் படித்தவள், ஓய்வு பெற்றவள், தேவையில்லாமல் ஒரு வார்த்தை பேசாதவள். முத்துச்செல்வியைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய்ச் சொன்னாள். கொஞ்ச நாளைக்கு முன்னால் அம்மா செல்லத்தாய் கிணற்றடியில் நின்று மகனோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தாளாம். லிங்கராஜ் பின்னால் வந்து நின்றது தெரியவில்லை. போனைப் பிடுங்கி ஆட்டுரலில் வைத்துக் குழவியால் நசுக்கினாராம். பிறகு காதோடு சேர்த்து ஓர் அறை. ரத்தம் வந்தது. ஆஸ்பத்திரிக்கு விடவில்லை. அன்றைக்குச் சாயங்காலமே வைஃபை கொடுத்த கேபிள்காரரிடம் கேட்டு ரௌட்டரின் பாஸ்வேர்டை மாற்றினார்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"போனுதான் நசுங்கிப் போச்சே. எங்கிட்டயும் ஒங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா."

முத்துச்செல்வி திரும்பி வந்து அம்மாவின் வலது பக்கம் உட்கார்ந்தாள். செல்லத்தாய் அழுகிறவர்களுக்கு நடுவில் அழாமல் இருந்தாள். மகளின் முழங்காலில் கைவைத்து ஒரே ஒரு காரியம் சொன்னாள்.

"கண்ணனுக்குக் காட்டணும்."

அண்ணன் சுடலைக்கண்ணன் ஓமனில், கடலோரத்துக் கப்பல் பட்டறை ஒன்றில் வெல்டர். இன்றைக்குக் கிளம்பினாலும் நாளைக்குத்தான் வர முடியும். எடுப்பு இன்றைக்கே. கொள்ளி தான் வைப்பதாக பால்துரை சித்தப்பா முடிவு செய்து, பந்தலில் உட்கார்ந்திருந்தார்.

வீட்டுக்குள் போன் சிக்னல் கிடையாது. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியை ஒட்டி நின்றால் பேசுகிற அளவுக்குக் கிடைக்கும், படம் நிற்காது. அங்கே ஏறி நின்று அண்ணனைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, அப்பா செத்துட்டாவ."

மறுமுனையில் ஏதோ இரும்பு அறுக்கிற சத்தம். அது நின்றது.

"யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும். நான் வீட்டுலதான் நிக்கேன். கீழ பெட்டியில கெடக்காவ."

"நீ தொட்டுப் பாத்தியா?"

அவள் தொடவில்லை. கால் பக்கம் விழுந்து கும்பிட்டபோதும் கண்ணாடிதான் நெற்றியில் பட்டது.

"போட்டோ எடுத்து அனுப்புதேன். மெதுவாவாச்சும் வந்து சேரும்."

"போட்டோ அன்னைக்கும் வந்துச்சு செல்வி" என்றான் கண்ணன். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "நீ சொல்லுதது நெசமாத்தான் இருக்கும். ஆனா எனக்கு மனசு நம்ப மாட்டேங்கு. நான் என்ன செய்ய?"

அன்றைக்கு வந்த போட்டோவை அவளும் மறக்கவில்லை. ஒரு ராத்திரி அப்பா அம்மாவை அடித்துக்கொண்டிருந்தபோது அண்ணன் குறுக்கே புகுந்து அவர் கையைப் பிடித்தான். பிடிக்க மட்டும்தான் செய்தான். மறுநாளே வீட்டை விட்டுப் போனான். ஒரு வருஷம் கழித்து பால்துரை சித்தப்பா அவனுக்குப் போன் போட்டார். உன் அப்பாவுக்கு நெஞ்சுவலி, ஐசியூவில் கிடக்கிறார், உன் பேரைத்தான் சொல்கிறார் என்று. மூக்கில் டியூபோடு அப்பா படுத்திருக்கிற போட்டோவும் போனது. எந்த ஆஸ்பத்திரியில் யாரைப் பிடித்து எடுத்தார்களோ. கண்ணன் ஓமனிலிருந்து திருவனந்தபுரத்தில் வந்து இறங்கி, ராத்திரி முழுக்க பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தான். வீட்டுக்குள் கால் வைத்ததும் சித்தப்பா கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். அப்பா ஹாலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "எந்தக் கையிலே புடிச்ச?" என்று கேட்டார்.

பனங்கருக்கு மட்டையில் இரண்டு பக்கமும் ரம்பப்பல் இருக்கும். சித்தப்பா பின்னாலிருந்து கட்டிப் பிடித்துக்கொள்ள, அப்பா அந்தக் கையை நீட்டச் சொல்லி அடித்தார். பிறகு முதுகில். அம்மா அடுக்களைக்குள் பூட்டப்பட்டுக் கதவில் தலையை மோதிக்கொண்டிருந்தாள். முத்துச்செல்வி மாடிப்படியில் நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். சத்தம் வரவில்லை அவளுக்கு. அண்ணனின் வலது கையில் கடைசி இரண்டு விரல் இன்றைக்கும் மடங்காது.

மாடியிலிருந்து இறங்கும்போது அவளுக்குத் தெரிந்தது, போட்டோ எடுத்து அனுப்பிப் பிரயோசனமில்லை என்று.

அம்மாவுக்குக் கருப்பட்டிக் காப்பி கொடுக்கிற சாக்கில் அடுக்களைக்குள் கூட்டிப்போனாள். செல்லத்தாய் டம்ளரைக் கையில் வாங்கினாள், குடிக்கவில்லை.

"காலையில என்னம்மா நடந்துச்சு? பல்லு வெளக்கும்போது விழுந்துட்டாவன்னு பந்தல்ல சொல்லுதாவ."

"நான்தான் அப்படிச் சொன்னேன்." அம்மா வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். "சட்டை தேய்க்கலன்னு வந்தாவ. முடியப் புடிச்சு இழுத்துக்கிட்டு இந்தா இங்கன வந்தாவ. நான் அடி விழப்போகுதுன்னு கண்ண மூடிட்டேன். விழல. பிடி தானா தளந்துச்சு. கண்ணத் தொறந்து பாத்தா உக்காந்திருக்காவ. சேலையத்தான் புடிச்சிருக்காவ. வாய் தொறக்கு, சத்தம் வரல."

"போன்..."

"எம்போனுதான் இல்லையே. அவிய போன எடுத்தேன். கோடு போடச் சொல்லுது. எனக்கென்ன தெரியும் அவிய கோடு. என்னவெல்லாமோ போட்டுப் பாத்தேன். பெறகு பனங்காட்டுக்குள்ள ஓடினேன், டீச்சர் வீட்டுக்கு. வந்து பாக்கும்போது முடிஞ்சு போச்சு."

பூட்டியிருக்கிற போனிலும் அடியில் 'எமர்ஜென்சி' என்று இருக்கும். மாடிக்கு ஏறி அதைத் தொட்டிருந்தால் ஆம்புலன்சுக்குப் பேசியிருக்கலாம். முத்துச்செல்விக்கு அது நாக்கு வரை வந்தது. அடுப்பை அணைத்தாள்.

"குடிங்கம்மா, ஆறிப்போகும்" என்றாள்.

அப்பாவின் போன் இப்போது சித்தப்பாவின் சட்டைப்பையில் இருந்தது. கேபிள்காரர் போனை எடுக்கவில்லை. ரௌட்டரின் பின்பக்கத்து ஓட்டையில் குண்டூசியை விட்டு அழுத்தினால் பழைய நிலைக்குத் திரும்பும், ஆனால் லைனின் விவரங்களும் சேர்ந்து அழிந்துவிடும், கேபிள்காரர் வந்தால்தான் மறுபடி உயிர் வரும். மாற்றிய பாஸ்வேர்டைத் தெரிந்த பொருள் வீட்டில் இன்னும் ஒன்றே ஒன்று இருந்தது. மண்டியில் பில் போடுகிற லேப்டாப். அப்பா அதில் வைஃபையைச் சேர்க்காமல் இருந்திருக்க முடியாது. லீவுக்கு வரும்போதெல்லாம் ஜிஎஸ்டி பில்லை அவள்தான் அதில் ஏற்றிக் கொடுப்பாள். அதன் 'பின்' நம்பர் அவளுக்குத் தெரியும்.

வீட்டுக்கும் மண்டிக்கும் நடுவே உள்கதவு ஒன்று உண்டு. உள்ளே இருட்டு. கருப்பட்டி அடுக்கிய ஓலைக் கொட்டான்கள் கூரை வரைக்கும் ஏறியிருந்தன. பந்தலில் ஆண்கள் பேசுவது இரும்பு ஷட்டருக்கு அப்பால் கேட்டது. லேப்டாப்பில் சார்ஜ் இல்லை. வயரைத் தேடி மாட்டி, அது விழித்துக்கொள்ளும் வரை முழங்கால் போட்டு உட்கார்ந்திருந்தாள். பழைய லேப்டாப். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. பின் நம்பரை அடித்ததும் திறந்தது. அதை அப்பா மாற்றவில்லை. மாற்றத் தெரிந்திருக்காது.

மூலையில் வைஃபை அடையாளம் வெள்ளையாக நின்றது. கண்ட்ரோல் பேனலுக்குள் போனாள். நெட்வொர்க். வீட்டு வைஃபையின் பெயர். வயர்லெஸ் ப்ராப்பர்ட்டீஸ். செக்யூரிட்டி. கட்டத்துக்குள் வரிசையாகக் கறுப்புப் புள்ளிகள் இருந்தன. கீழே 'எழுத்துகளைக் காட்டு' என்ற சின்னப் பெட்டி. அதில் டிக் வைத்தாள்.

புள்ளிகள் எழுத்தாயின. ஆங்கில எழுத்தில் ஒரு தமிழ் வார்த்தை.

வாயமூடுளா.

அவள் அதை முதலில் எழுத்து எழுத்தாகத்தான் படித்தாள். பிறகுதான் காதில் விழுந்தது, அப்பாவின் குரலில். அம்மாவை அவர் பேர் சொல்லிக் கூப்பிட்டு அவள் கேட்டதில்லை. இதைத்தான் கேட்டிருக்கிறாள், சோறு போடும்போதும், ஆள் வந்திருக்கும்போதும், அம்மா ஒன்றுமே பேசாமல் நிற்கும்போதும். புதுசாக ஒன்று வைக்க வேண்டும் என்று அந்தப் பெட்டி கேட்டதும் அவர் யோசித்திருக்கவே மாட்டார்.

"என்னளா செய்த இங்கன?"

பால்துரை சித்தப்பா உள்கதவில் நின்றார். இடுப்பில் ஈர வேட்டி, மேலில் சட்டையில்லை. குளிப்பாட்டத் தண்ணீர் எடுத்துவர, நீர்மாலைக்குப் போகத் தயாராக இருந்தார். வெளியே மேளம் தட்ட ஆரம்பித்திருந்தது.

"எங்கண்ணன் இன்னும் வீட்ட விட்டு எறங்கல. அதுக்குள்ள கடைக்குள்ள ஒனக்கென்ன சோலி?"

"கண்ணன் அண்ணனுக்கு அப்பா மொகத்தக் காட்டணும் சித்தப்பா. அதுக்குத்தான்..."

"எவம்ளா அண்ணன்?"

அவர் வந்த வேகத்துக்கு அவள் கையை எடுக்க முடியவில்லை. லேப்டாப்பின் மூடியை இரண்டு கையாலும் அடித்துச் சாத்தினார். அவளுடைய வலது கை விரல்கள் உள்ளே இருந்தன. எடுக்கப் பார்த்தாள், மூடியின் மேல் அழுத்தினார். எலும்பில் பட்டு ஏதோ நொறுங்குகிற சத்தம் பிளாஸ்டிக்கிலிருந்து வந்ததா விரலிலிருந்து வந்ததா தெரியவில்லை.

"பெத்த அப்பன் கையப் புடிச்சவனுக்கு இந்த வீட்டுல மொகம் கெடையாது. கேட்டுதா?"

"கேட்டுது சித்தப்பா."

விட்டார். நடுவிரலின் நகம் கறுத்துக்கொண்டு வந்தது. லேப்டாப்பின் திரை வெடித்து இருண்டுவிட்டது. அதைப் பற்றி அவளுக்குக் கவலையில்லை.

நீர்மாலைக்கு ஆண்கள் மேளத்தோடு தெருவில் இறங்கியதும் அவள் ஹாலில் ஒரு மூலையில் நின்று இடது கையால் போனில் தட்டினாள். தவறு என்றது. வாய்க்கு ஒரு 'ஏ' போட்டிருந்தாள்; அப்பா இரண்டு போட்டிருந்தார். இரண்டு போட்டாள். வைஃபை பிடித்துக்கொண்டது.

அம்மா பக்கத்தில் வந்தாள். "கெடச்சிட்டா? என்ன போட்டிருந்தாவ?"

"சும்மா ஏதோ நம்பரும்மா."

கண்ணன் முதல் மணியிலேயே எடுத்தான். பட்டறைக்கு வெளியே எங்கேயோ நின்றான். முகத்தில் கரி, மடங்காத விரல்கள் போனின் ஓரத்தில் நீட்டிக்கொண்டு தெரிந்தன. முத்துச்செல்வி போனைப் பெட்டிக்கு மேல் பிடித்தாள். சுற்றியிருந்த பெண்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். முற்றத்தில் வாய்க்கரிசிக்கு நெல் குத்துகிற சத்தம் கேட்டது.

"தெரியுதா அண்ணே?"

"கண்ணாடிதான் பளபளங்குது."

செல்லத்தாய் எழுந்தாள். "டீச்சர், அந்தப் பக்கம் புடிங்க" என்றாள். இன்பமணி டீச்சர் ஒரு கணம் தயங்கிவிட்டுப் பிடித்தாள். இருவருமாக மூடியைத் தூக்கிச் சுவரில் சாய்த்தார்கள். குளிர் புகையாக எழும்பி அடங்கியது. முத்துச்செல்வி போனை இன்னும் இறக்கினாள். அப்பாவின் முகத்துக்கு அவ்வளவு பக்கத்தில் அவள் போனதே கிடையாது.

கண்ணன் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு கேட்டான்.

"அம்மா, அசையலையே?"

"அசையல."

"நல்லாப் பாரும்மா. மூச்சு அடக்கிக்கிட்டு இருப்பாரு."

பெட்டியைச் சுற்றி நின்றவர்களில் ஒருத்தி வாயைச் சேலையால் பொத்திக்கொண்டாள். செல்லத்தாய் போனில் தெரிந்த மகனைப் பார்த்தாள். அவன் கண் இமைக்காமல் இருந்தது. அவள் குனிந்தாள். புருஷனின் கன்னத்தில் கையை வைத்துப் பார்த்தாள். எடுத்தாள். பிறகு அதே கையை ஓங்கி அந்தக் கன்னத்தில் அறைந்தாள்.

பலமான அறை. தலை ஒரு பக்கம் சாயக்கூட இல்லை, விறைத்துப் போயிருந்தது. திருநீறு மட்டும் உதிர்ந்தது.

"பாத்தியா?" என்றாள் அம்மா. "திருப்பி அடிக்கல."

போனிலிருந்து ஒரு சத்தம் வந்தது. இருமல் மாதிரி தொடங்கி வேறு எதுவோ ஆனது. முத்துச்செல்வி அம்மாவைத் திரும்பிப் பார்த்ததில் போன் சாய்ந்து, படத்தில் பாதி கூரையாகிவிட்டது.

அந்த நேரத்தில்தான் பால்துரை உள்ளே வந்தார். தண்ணீர்க் குடத்தோடு மற்றவர்களுக்கு முன்னால் வந்துவிட்டிருந்தார். எவ்வளவு பார்த்தாரோ. குடத்தைத் தோளிலிருந்து அப்படியே விட்டார். பித்தளைக் குடம் மொசைக் தரையில் மோதி உருண்டது, தண்ணீர் ஹால் முழுக்க ஓடியது. ஒரே எட்டில் வந்து முத்துச்செல்வியின் பின்னலைப் பிடித்துச் சுற்றி இழுத்தார். போன் கைநழுவிப் பெட்டிக்குள் விழுந்தது. அவள் முழங்கால் மடங்கி ஈரத்தில் விழுந்தாள். மடேரென்று கழுத்தில் ஓர் அடி விழுந்தது, இன்னொன்று விழுந்தது. பெட்டியின் விளிம்பில் அவள் நெற்றி இடித்தது. கண்ணில் ரத்தம் இறங்கியது.

அம்மா அங்கே இல்லை என்பது மட்டும் அவளுக்குத் தெரிந்தது. முற்றத்தில் நெல் குத்துகிற சத்தம் நின்றிருந்தது.

"தம்பி, விடுங்க" என்று அம்மாவின் குரல் கேட்டது.

"போ மதினி அங்கிட்டு. வாய மூ..."

உலக்கை விழுந்தது. முடியைப் பிடித்திருந்த கையில், முழங்கைக்குக் கீழே. பச்சை மட்டை முறிகிற மாதிரி ஒரு சத்தம். பிடி விட்டது. பால்துரை கத்தவில்லை, வாய் திறந்தபடி தரையில் உட்கார்ந்தார், தொங்குகிற கையை இன்னொரு கையால் தாங்கிக்கொண்டு. செல்லத்தாய் உலக்கையை மறுபடி தூக்கினாள். இன்பமணி டீச்சர் வந்து அதைப் பிடித்து, வாங்கி, முற்றத்தில் நெல் குத்திக்கொண்டிருந்தவளிடம் கொடுத்தாள். "குத்துங்க, நேரமாச்சு" என்றாள்.

வாசலில் மேளம் நின்றது. மற்ற ஆண்கள் குடங்களோடு உள்ளே வந்தார்கள்.

"என்னாச்சு?"

பெண்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்க்கவில்லை. டீச்சர்தான் பேசினாள். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள்.

"தண்ணி கொட்டிக் கெடந்துச்சு. வழுக்கி விழுந்துட்டாரு."

"ஆமா, வழுக்கிட்டு" என்றாள் இன்னொருத்தி.

"செல்விக்கும் தலையில பட்டுட்டு" என்றாள் வேறொருத்தி, அவள் நெற்றியில் சேலைத் தலைப்பை வைத்து அழுத்தியபடி.

எல்லாரும் பால்துரையைப் பார்த்தார்கள். அவர் மதினியைப் பார்த்தார். ஒரு பொம்பளை அடித்து முறித்தாள் என்று அத்தனை ஆண்களுக்கு நடுவில் அவரால் சொல்ல முடியவில்லை. தலையை ஆட்டினார்.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. குளிப்பாட்டினார்கள், கோடித் துணி போட்டார்கள், வாய்க்கரிசி போட்டார்கள். செல்லத்தாய் தன் முறை வந்ததும் ஒரு பிடி போட்டாள், தள்ளி நின்றாள். பால்துரையின் வலது கையைத் துண்டால் கழுத்தோடு கட்டி, கொள்ளிச்சட்டியை இடது கையில் கொடுத்தார்கள். செம்மண்ணில் மேளமும் வெடியும் நகர்ந்து போய், பனைகளுக்கு அந்தப் பக்கம் அமிழ்ந்தன.

போன் பெட்டிக்குள் ஈரத்தில் கிடந்தது. டீச்சர்தான் எடுத்துத் துடைத்துக் கொடுத்தாள். லைன் துண்டித்திருந்தது. கண்ணன் எத்தனையோ தடவை கூப்பிட்டிருந்தான். முத்துச்செல்வி திருப்பிக் கூப்பிட்டு, அம்மாவின் வலது கையில் போனைக் கொடுத்தாள். அம்மா புறவாசல் படியில் போய் உட்கார்ந்தாள். ஹாலில் பெண்கள் கழுவித் தள்ளிய தண்ணீர் படிக்குப் பக்கத்தில் வந்து மண்ணில் இறங்கியது.

"எடுத்தாச்சாம்மா?"

"எடுத்தாச்சு."

"செல்விக்கு என்ன? ஏதோ சத்தம் கேட்டுது."

"ஒண்ணுமில்ல. நல்லாருக்கா." கொஞ்ச நேரம் அம்மா படத்தையே பார்த்தாள். "ஒனக்குப் பின்னால என்னது அது, கடலா?"

கண்ணன் போனைத் திருப்பிக் காட்டினான். காய்ந்த பழுப்பு மலை ஒன்று, அதன் அடியில் தண்ணீர், தூரத்தில் ஒரு கப்பல்.

"நம்ம கடல விட நெறம் கூடத்தான் இருக்கு" என்றாள் செல்லத்தாய்.

"காலையில இன்னும் பச்சையா இருக்கும்மா."

"அந்தக் கப்பல் போகுதா, நிக்குதா?"

"நிக்குது. நாளைக்குத்தான் கெளம்பும்."

அவள் போனை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். கிணற்றடியில், புருஷன் போனவளுக்கான சடங்குக்கு அவளைக் குளிப்பாட்ட வாளி வாளியாகத் தண்ணீர் இறைத்து வைத்திருந்தார்கள். இன்பமணி டீச்சரும் மற்றப் பெண்களும் அங்கே நின்றார்கள். ஒருவரும் அவளைக் கூப்பிடவில்லை.